தங்கள் நல்வரவை விரும்பும்

நெடுங்கரை ரேஷன் கடையில் பில் போடுகிற ஆவுடையம்மாள் நாலாயிரத்துச் சொச்சம் கல்யாணப் பத்திரிகை சேர்த்து வைத்திருக்கிறாள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் அந்த வைகாசி மாசத்து வியாழக்கிழமை காலையில், அறுபது வருஷத்துக்கு முந்திய பத்திரிகை ஒன்றில் அச்சடித்திருந்த கல்யாணம், அச்சடித்திருந்த அதே தேதியில், அதே முகூர்த்தத்தில், அதே பெரிய தெருவில் பந்தல் போட்டு மறுபடியும் நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஆவுடையம்மாளுக்கும் தெரியாது.

ஏழு மணி டவுன் பஸ் முக்குத் திரும்பியதும் வாழை மரத்தில் முட்டப் பார்த்து நின்றது. நேற்று வரை இல்லாத பந்தல், தெருவை அடைத்துக்கொண்டு, செல்போன் கடையையும் கண்ணாடிக் கடையையும் உள்ளே போட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் ஆரனை அமுக்கினார். பட்டு வேட்டியும் மார்பில் சந்தனமுமாக ஒருத்தர் வந்து, "வண்டிய ஓரங்கட்டிட்டு எல்லாரும் எறங்கி ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றார். அந்தக் குரலை மறுத்துப் பேச யாரால் முடியும்? கண்டக்டர் விசில் ஊதினார், நாற்பத்தேழு பேர் இறங்கினார்கள், கை கழுவினார்கள், உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இவர்களைப் பெண் வீட்டுச் சனம் என்று நினைத்துக்கொண்டார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சனம் என்று நினைத்துக்கொண்டார்கள், கல்யாண வீட்டில் முன்பின் தெரியாத ஆளைப் பற்றி எல்லாரும் எப்போதும் நினைத்துக்கொள்வது அதுதானே, ஆகவே ஒரு சங்கடமும் இல்லாமல் பந்தி முடிந்தது.

மேளச் சத்தம் கேட்டுப் பின் தெருவிலிருந்து வேலம்மாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளுக்கு எழுபத்தேழு வயசு. மணவறையில் பதினேழு வயசில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவளும் அவளேதான். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை இருளப்பன் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. வேலம்மாள் கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "அந்த மனுசன் அன்னைக்கும் இப்பிடித்தான் தாலி கட்டுறதுக்கு முன்னால கொட்டாவி விட்டாரு" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, இரண்டு பந்தி உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மத்தியானம் கடைசி இலையை மடித்து எறிந்ததும் பந்தல் இல்லை, சனம் இல்லை, வாழை மரம் இல்லை. எச்சில் இலைகள் மட்டும் மிச்சம் இருந்தன, அவற்றை ஆடுகள் தின்றன.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கப் போன ஆவுடையம்மாள் பந்தலின் முகப்பில் "இருளப்பன் – வேலம்மாள்" என்று ஜிகினா எழுத்தில் பார்த்தாள், பார்த்த இடத்திலேயே நின்றாள், பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அந்தப் பத்திரிகையைப் பழைய பேப்பர் கடையில் முந்தின நாள்தான் பொறுக்கியிருந்தாள். ஓரம் மடங்கியிருந்ததை நிமிர்த்தி, டிஷ்யூ தாளுக்குள் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி வைத்திருந்தாள். இப்போது எடுத்துப் பார்த்தால் லேசாகச் சூடாக இருந்தது, இட்லித் துணி மாதிரி. வைகாசி பதினாலு என்று போட்டிருந்தது. சுவரில் காலண்டரும் அதையே சொன்னது.

இந்த இடத்தில் ஆவுடையம்மாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயசில் பட்டாணி வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தபோது அது ரங்கூனிலிருந்து யாரோ யாருக்கோ எழுதிய கார்டின் பாதியாக இருந்தது. பட்டாணியைத் தோழிக்குக் கொடுத்துவிட்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டாள், அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அதற்குப் பிறகு தபால் தலை, தீப்பெட்டி லேபிள், பஸ் டிக்கெட், சினிமா நோட்டீஸ், கோயில் அர்ச்சனைச் சீட்டு, ஊறுகாய் பாட்டில் ஒட்டுத்தாள் என்று ஊரார் கீழே போட்டதையெல்லாம் அவள் மேலே எடுத்து வைத்தாள். தட்டில் தண்ணீர் ஊற்றி உறையிலிருந்து தபால் தலையைக் கழற்றி, செய்தித்தாளில் காயப் போட்டு, புருவம் எடுக்கிற இடுக்கியால் தூக்குவாள். கும்பகோணத்திலும் ஈரோட்டிலும் இருந்த அவளைப் போன்ற பைத்தியங்களோடு, இரட்டைப் பிரதி இருந்தால் அனுப்பவும் என்று கடிதம் எழுதி மாற்றிக்கொள்வாள். எல்லாவற்றிலும் அவளுக்கு உசிர் கல்யாணப் பத்திரிகைதான். நாலு மூலையில் மஞ்சள் தடவிய தாள், மேலே பிள்ளையார் சுழி, நடுவில் இரண்டு பெயர், கடைசிப் பக்கத்தில் "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற தலைப்பின் கீழே சொந்தபந்தங்களின் நீளமான பட்டியல். கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தத் தாளை வைத்து அடுப்பைத் தொடைக்கிறார்களே என்று அவளுக்கு ஆற்றாமை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அம்பத்து நாலு வயசு, அதை யாரும் அவள் முன்னால் பேசுவதில்லை.

வைகாசியில் இன்னும் நாலு கல்யாணம் நடந்தது, ஆனியில் ஒன்பது. ஆடியில் ஒன்றும் இல்லாமல் ஊர் வறண்டு போனது. எல்லாம் ஆவுடையம்மாள் பெட்டியில் இருந்தவைதான். அவரவர் வீட்டு பீரோவில் துணிக்கு அடியில் கிடந்த பத்திரிகைகளையும் எடுத்து, தேதியைப் பார்த்து, குளித்து முழுகிக் காத்திருந்து பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. சும்மா கிடந்த பத்திரிகை சும்மாதான் கிடந்தது, சேர்த்து வைத்த பத்திரிகைதான் நடந்தது. அதற்கு மேல் காரணம் யாரும் கேட்கவில்லை, இலை போட்டிருக்கும்போது காரணம் கேட்டுக்கொண்டிருப்பது மரியாதையும் இல்லை.

ஆகவே ரேஷன் கடை வரிசையில் ஒரு கையில் கார்டும் ஒரு கையில் பத்திரிகையுமாகச் சனம் நின்றது. எங்க அப்பா கல்யாணத்தைச் சேத்துக்கக்கா, என் தங்கச்சி கல்யாணத்தைச் சேத்துக்கம்மா என்று கெஞ்சினார்கள். ஆவுடையம்மாள் பருப்பு நிறுக்கிறபோது காட்டாத கறாரை இதில் காட்டினாள். பூச்சி அரித்ததை வாங்கமாட்டாள், நகல் வாங்கமாட்டாள். "லேமினேஷன் பண்ணுனதை நான் எடுக்கிறதில்லண்ணே" என்று ஒருத்தரைத் திருப்பி அனுப்பினாள், அவர் வீட்டுக்குப் போய் லேமினேஷன் பண்ணிய மகனோடு ஒரு வாரம் பேசவில்லை. தலைமையாசிரியர் ஒருத்தர் வேறு மாதிரி வந்தார். அவருக்கு முதல் கல்யாணம் ஒன்று உண்டு என்பது இரண்டாவது சம்சாரத்துக்குத் தெரியாது, அந்தப் பத்திரிகை ஆவுடையிடம் இருந்தது, ஐப்பசியில் தேதி. சேர்த்ததைக் கொடுக்கிற வழக்கம் இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள், அவர் ஐப்பசியில் தீர்த்த யாத்திரைக்குப் பதிவு செய்துகொண்டார்.

முகூர்த்த நாட்களில் நெடுங்கரையில் அடுப்பு எரியவில்லை. ரேஷன் அரிசி பாதி தேங்கியது. ஏன் தேங்குகிறது என்று விசாரிக்க ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். "சார், ஊரு பூரா கல்யாண வீட்டுல சாப்பிடுது" என்றாள் ஆவுடையம்மாள். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டார், காட்டினாள், அது எழுபத்திரண்டாம் வருஷத்துக் கல்யாணம், வத்தக்குழம்பு பிரமாதம். அதிகாரி இரண்டு தரம் ரசம் வாங்கிக் குடித்தார், விசேஷ நாட்கள் காரணமாக என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கிளம்பினார். டாக்டர் மட்டும் தன் வாசலில், முந்தைய காலத்துக் கல்யாணமானாலும் சர்க்கரை ஏறும் என்று போர்டு எழுதி மாட்டினார், பிறகு அவரே ஜாங்கிரியோடு பிடிபட்டார்.

மீனாம்பிகை மண்டபத்து மேனேஜர் சீனிவாசகத்துக்குத்தான் பாடு. ஒரே தேதியில் புதுக் கல்யாணம் ஒன்றும் பழைய கல்யாணம் ஒன்றும் வந்து மோதிக்கொண்டன. முதல் தடவை அழுதார். இரண்டாவது தடவை மாடியையும் கீழேயும் பிரித்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை பிரிப்பதை விட்டுவிட்டார், சனங்களே கலந்துகொண்டார்கள். பழைய கல்யாணத்து நாயனக்காரர் புதுப் பெண்ணுக்கும் சேர்த்து வாசித்தார். பழைய கல்யாணத்துப் பெரியம்மாக்கள், புதுக் கல்யாணத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நின்று சாப்பிட்டவர்களைப் பார்த்துப் பதறி, "ஐயோ பாவம், எடமில்லாம நிக்காகளே" என்று ஒவ்வொருத்தராகக் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். போட்டோவில் மட்டும் பழையவர்கள் விழவில்லை. வீடியோக்காரர் காட்டியதில் புது மாப்பிள்ளை காலி நாற்காலிகளைப் பார்த்து வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே போனார்.

வருகிறவர்களுக்கு நம்மைத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. அவர்கள் தங்களுடைய அந்த ஒரு நாளுக்குள்ளேயே இருந்தார்கள். ரேஷன் வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிற பேச்சிக்கனி, பட்டாளத்தில் செத்துப்போன தன் அண்ணனை ஒரு பந்தியில் பார்த்தாள். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயசு, இவளுக்கு அறுபத்தெட்டு. "பெரியம்மா, நீங்க யாரு வீடு" என்று அவன் இவளைக் கேட்டான். "மாப்ள வீடுய்யா" என்று சொல்லிவிட்டு, பாயச வாளியைப் பரிமாறுகிறவன் கையிலிருந்து பிடுங்கி, அவன் இலையில் மூன்று கரண்டி விட்டாள். அவன் போதும் போதும் என்று கையை நீட்டி மறித்தான். அதை அவள் வரிசையில் நின்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆவுடையம்மாளும் தன் அம்மாவைப் பார்த்தாள், ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. ஊரில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கு செண்பகம் போகாமல் இருந்திருக்கிறாள்? பச்சைக் கண்டாங்கியில் ஒரு தடவை, அரக்குப் பட்டில் ஒரு தடவை, தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஆவுடையம்மாள் போய் எதிரே நிற்பாள். ஒவ்வொரு தடவையும் செண்பகம் தன்னைவிட வயசான அந்தப் பொம்பளையை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க வாங்க, நீங்க பொண்ணு வீடா மாப்ள வீடா, சாப்பிட்டீகளா" என்பாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் வந்துவிடுவாள். ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு கை கழுவும்போது அவள் மட்டும் மண்டபத்துப் பின்பக்கம் போய், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

ஆவணி பிறந்ததும் பேச்சிக்கனிதான் அதை வாய்விட்டுச் சொன்னாள். "ஏ ஆவுடை, இருபத்தி மூணாந் தேதி வருதே."

வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்தது. மண்ணெண்ணெய் ஊற்றுகிறவன்கூடக் கையை நிறுத்தினான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஆவணி இருபத்து மூன்றாம் தேதி, மீனாம்பிகை மண்டபத்தில், காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள், ஆவுடையம்மாளுக்கும் பக்கத்து ஊர் தெய்வசிகாமணிக்கும் கல்யாணம் என்று பத்திரிகை அடித்திருந்தார்கள். நாலு நாளைக்கு முன்னால் அது நின்றுபோனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் தளவாய் பெயர் பத்திரிகையில் இல்லை. தாய்மாமன் பெயரை விட்டுவிட்டுக் கல்யாணம் பண்ணுகிற குடும்பத்தில் பெண் எடுப்பதா என்று அவர் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார், சோறு தண்ணி இல்லை, எழுந்திருக்கவில்லை. பெண் வீட்டார் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். தளவாய் மாமா கேட்ட ஒரே கேள்வி, "யாரு விட்டது, சொல்லு." அச்சாபீஸ்காரன் விட்டான் என்று ஆவுடையின் அப்பா சொன்னார், பையன் வீட்டில்தான் எழுதிக் கொடுக்கவில்லை என்று சித்தப்பா சொன்னார், கல்யாணம் நின்றது. அப்பா வீட்டில் மிச்சம் இருந்த பத்திரிகையை எல்லாம் வெந்நீர் அடுப்பில் வைத்தார்.

விட்டது ஆவுடையம்மாள். அது அவளுக்கு மட்டும் தெரியும். அச்சாபீஸில் பிழை பார்க்க அவளைத்தான் அனுப்பினார்கள், காகிதம் என்றால் அவளுக்குத்தான் தெரியும் என்று. கடைசிப் பக்கத்தின் கீழே தோகை விரித்த மயில் ஒன்று அச்சாகியிருந்தது, அத்தனை அழகான மயிலை அவள் அதுவரை எந்தப் பத்திரிகையிலும் பார்த்ததில்லை. தாய்மாமனுக்குத் தனி வரி வேண்டும் என்று தனிச் சீட்டில் எழுதி வந்திருந்தது; அந்த வரியைப் போட்டால் தோகையை வெட்ட வேண்டும். இருபத்து நாலு வயசுப் பெண், பத்திரிகை சேர்க்கிற பெண், தன்னுடைய பத்திரிகை. "மயிலை வெட்டாதீங்க, அந்த ஒரு வரிய எடுத்துருங்க" என்றாள். ஒரு வரியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். சொந்தக்காரர்கள் பத்திரிகையில் வேறு எதைப் பார்ப்பார்கள், தன் பெயர் எங்கே இருக்கிறது என்பதைத் தவிர.

அடுப்பிலிருந்து தப்பிய ஒரே ஒரு பத்திரிகை தபால் தலை ஆல்பத்துக்குள் இருந்தது. நாலு மூலையும் கூர்மை கெடாமல், மடிப்பு விழாமல், முப்பது வருஷம் அவள் யாருக்கும் காட்டாதது. அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருஷம்தான் இருந்தாள். ஒரு நாளும் ஏசவில்லை, யார் விட்டது என்று கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம்.

நடக்காத கல்யாணம் எப்படி நடக்கும் என்று ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. அச்சடித்தாச்சு, மஞ்சள் தடவியாச்சு, சேர்த்தாச்சு, நடக்காமல் எங்கே போகும் என்றது ஒரு கட்சி. அன்றைக்கு வந்தவர்கள்தான் இன்றைக்கும் வருகிறார்கள், அன்றைக்கு ஒருத்தரும் வராததற்கு இன்றைக்கு யார் வருவார்கள் என்றது இன்னொரு கட்சி. சலூனில் இதற்காக ஒருத்தருக்குப் பாதி மீசையோடு சவரம் நின்றது. மேனேஜர் சீனிவாசகம் அந்தத் தேதிக்கு வேறு யாருக்கும் மண்டபத்தைக் கொடுக்கவில்லை. ஆவுடையம்மாள் சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாண ஆசையெல்லாம் எப்போதோ காய்ந்து போயிருந்தது. அம்மா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன்னைப் பார்த்து நீ யாரு வீடு என்று கேட்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா தன்னை மகளாகப் பார்க்கக்கூடிய கல்யாணம் என்று ஒன்று இருந்தால் அது இது ஒன்றுதான், அதுவும் அவளே நிறுத்தியது.

இருபத்து மூன்றாம் தேதி காலை ஆறரைக்கே மண்டபம் நிறைந்துவிட்டது, ஆனால் எல்லாம் உயிரோடு இருக்கிற முகங்கள். பேச்சிக்கனி முன் வரிசையில். வேலம்மாள் கம்போடு. டாக்டர் தூணுக்குப் பின்னால். ஏழு மணி ஆயிற்று, ஏழு பத்து ஆயிற்று, மணவறையில் பூ இல்லை, அடுப்படியில் புகை இல்லை. யாரோ குழந்தையை அடக்கினார்கள். ஆவுடையம்மாள் கடைசி வரிசையில், வெளிர் நீலச் சேலையில், பத்திரிகையை டிஷ்யூ தாளோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது சூடாகவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். புதுச் சட்டை, மடிப்புக் கோடு அப்படியே தெரிந்தது. மின் மீட்டர் கணக்கெடுத்து வெயிலில் கறுத்த முகம், நரைத்த மீசை. தெய்வசிகாமணியை அவள் முப்பது வருஷமாகப் பார்க்கவில்லை, ஆனாலும் தெரிந்தது.

"ஏழு அஞ்சு பஸ்ல வந்தேன்" என்றார் அவர். "அன்னைக்கு உங்க பத்திரிகை எனக்கு வந்திச்சு. கல்யாணம் இல்லைன்னு எழுத்துல யாரும் சொல்லல."

"உங்களுக்குப் பிள்ளைகுட்டி?"

"எங்கெ. அதுக்குப் பெறகு மூணு எடம் பாத்தாக. மூணு பத்திரிகையிலயும் மாமா ஏதாச்சும் ஒண்ணு கண்டுபிடிச்சாரு. நாலாவதா பாக்க எனக்குத் தெம்பில்ல. அவரு தொண்ணூத்தியோரு வயசுல நிம்மதியாப் போயிச் சேந்தாரு."

ஆவுடையம்மாளுக்கு இனி எதற்கு மறைக்க வேண்டும் என்று தோன்றியது. "அந்தப் பேரை எடுத்தது நான்தான்" என்றாள். "அச்சாபீஸ்ல. மயிலுக்கு வால் போயிருமேன்னு எடுத்துட்டேன். யாருட்டயும் சொல்லல."

சிகாமணி, "புரூப் எங்க வீட்டுக்கும் வந்திச்சு. நான்தான் பாத்தேன்" என்றார். "மாமா பேரு இல்லைன்னு பாத்ததும் எனக்கு ஒரு சந்தோசம் பாருங்க, அப்பிடி ஒரு சந்தோசம். சின்ன வயசுலருந்து காதைத் திருகித் திருகியே வளத்தவரு. சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

ஆவுடையம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். முதலில் அவள்தான் சிரித்தாள், வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, பிறகு அவர், பிறகு இரண்டு பேருக்கும் நிறுத்த முடியவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே காகிதத்தில் நிறுத்திய கல்யாணம் அது. முன் வரிசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "பேனா இருக்கா" என்று கேட்டாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே. கணக்கெடுக்கிற நீலப் பேனாவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சேர்ப்பவர்கள் பழைய தாளில் பேனா வைக்கமாட்டார்கள், கையை வெட்டிக்கொண்டாலும் வைக்கமாட்டார்கள். ஆவுடையம்மாள் டிஷ்யூ தாளை விலக்கி, பத்திரிகையைத் தொடையில் வைத்து, அந்த அழகான மயிலின் தோகைக்குக் குறுக்கே, ரேஷன் பில் எழுதுகிற கொட்டை எழுத்தில், "தாய்மாமன்: திரு. தளவாய் அவர்கள்" என்று எழுதினாள். மை ஊறியது. தாள் மடியில் சுட்டது.

வாசலில் கார் ஆரன் கேட்டது. முதலில் இறங்கியது தளவாய் மாமாதான், ஆறடி உயரம், முறுக்கு மீசை, பின்னாலேயே பதினேழு தாம்பாளச் சீர்வரிசை. அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை வீட்டுச் சனம் வேன் வேனாக இறங்கியது, எதிர்ப்பக்கம் பெண் வீட்டுச் சனம், பாட்டுப் பெட்டி, நாயனம், வாழைக்குலை, அடுப்படியில் புகை, நெய் வாசனை, மல்லிகைப் பூ, பன்னீர்ச் செம்பு, ஓடுகிற பிள்ளைகள், தொலைந்த செருப்பு, சாவியைக் காணோம் என்று கத்துகிற சித்தப்பா, அப்பா, அத்தைமார், ஊரில் முப்பது வருஷத்தில் செத்த அத்தனை பேரும், வரவே முடியாமல் போன ஒரு கல்யாணத்துக்கு ஒருத்தர் விடாமல் வந்து சேர்ந்தார்கள், ஊர்ச்சனம் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தது. பேச்சிக்கனி அண்ணன் மட்டும் இல்லை, அவன் அதற்கு முன்னாலேயே போய்விட்டவன். அவள் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாமல் பன்னீர்ச் செம்பை வாங்கி ஊரார் மேலெல்லாம் தெளித்தாள்.

தளவாய் மாமா நடுக் கூடத்தில் நின்றார். "பத்திரிகை எங்க?"

அந்தக் குரலுக்கு நாயனம் நின்றது. இருந்தவர்களும் போனவர்களும் மூச்சை அடக்கினார்கள். சிகாமணி அம்பத்தெட்டு வயசில் தன்னை அறியாமல் காதைப் பொத்திக்கொண்டார். ஆவுடையம்மாள் எழுந்து போய்ப் பத்திரிகையை நீட்டினாள். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மேலிருந்து கீழே விரலை வைத்து வந்து, மயிலிடம் நின்றார்.

"எல்லாம் அச்சுல இருக்கு. என் பேரு மட்டும் கையால எழுதிருக்கு?"

"ஆமா மாமா" என்றாள் ஆவுடையம்மாள். அது பொய் இல்லை. "உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் கையால எழுதுனேன்."

அவர் பத்திரிகையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். மீசை மெல்ல மேலே ஏறியது. "பாத்துக்கங்கப்பா" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார், "அறுநூறு பேருல எனக்கு மட்டும் பொண்ணு கைப்பட எழுதிருக்கு" என்று, வரிசையாக ஒவ்வொருத்தர் மூக்குக்கு முன்னாலும் பத்திரிகையை நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். பெண் என்று அவர் சொன்னதைக் கேட்டதும் எல்லாரும் மணவறையைப் பார்த்தார்கள். மணவறையில் பூ இருந்தது, குத்துவிளக்கு எரிந்தது, இரண்டு மனையும் காலியாக இருந்தன. நடக்காத கல்யாணத்துக்குப் பழைய பெண் ஏது, பழைய மாப்பிள்ளை ஏது? இருக்கிற இரண்டு பேர்தான் இருக்கிறார்கள்.

"நேரமாகுது, பொண்ணையும் மாப்ளையையும் உக்காரச் சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

சிகாமணி புதுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உங்களுக்குச் சம்மதமா" என்று அவள் காதருகில் கேட்டார். "முப்பது வருசத்துக்கு முன்னால யாரும் கேக்கல. அதான் கேக்கேன்."

"காகிதத்துக்கு ஒரு ரூம் பூரா வேணும்" என்றாள் அவள்.

"எனக்கு ஒரு கட்டில் போதும்."

இரண்டு பேரும் நடந்து போனார்கள். பேச்சிக்கனி குலவை போட்டாள், ஊர் திரும்பக் குலவை போட்டது, போனவர்களும் சேர்ந்து போட்டார்கள், மண்டபத்துப் புறாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே பறந்தன. ஆவுடையம்மாள் மனையில் உட்கார்ந்தாள். நரைத்த தலையில் யாரோ சரம் சரமாக மல்லிகையை வைத்தார்கள். அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, வெட்கத்தால் இல்லை, பயத்தால். அரக்குப் பட்டு ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது ஓரக்கண்ணில் தெரிந்தது. நீங்க யாரு வீடு என்று இந்தத் தடவையும் கேட்டுவிட்டால் தாங்க முடியாது என்று நினைத்தாள்.

அரக்குப் பட்டு அவள் முன்னால் வந்து நின்றது. வளையல் சத்தம் கேட்டது. ஒரு கை அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கியது.

"ஏண்டி" என்றாள் செண்பகம், மூச்சு வாங்க. "ஊரே காத்துக் கெடக்கு. இவ்வளவு நேரமாடி ஒரு சேலை கட்டுறதுக்கு?"

ஆவுடையம்மாள், "மடிப்பு நிக்கவே மாட்டேங்குதும்மா" என்றாள்.

அம்மா குனிந்து, நீலச் சேலையின் மடிப்பை ஒவ்வொன்றாக நீவி அடுக்கி, இடுப்பில் அழுத்திச் செருகிவிட்டாள். கெட்டி மேளம் கொட்டினார்கள்.